பெட்ரோல் டேங்க்கில் ஒரு ஓட்டை

"என் வேலையில என்ன குறை, மேடம்?"

தனசிங் இப்படிக் கேட்டபோது மெஹருன்னிஸா ஒரு பழைய ராணுவ லாரியின் கதவுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கதவின் பச்சைப் பெயின்ட்டில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு வட்டத்தை உப்புத்தாளால் மெல்லத் தேய்த்துக்கொண்டிருந்தார். பச்சைக்கு அடியில் மணல் நிறம் வந்தது. மணலுக்கு அடியில் கறுப்பு. கறுப்புக்கு அடியில் இன்னொரு பச்சை. குறுக்கே அறுத்த வெங்காயம் போல, அந்த லாரி உடுத்திக் கழித்த சட்டையெல்லாம் வளையம் வளையமாகத் தெரிந்தன.

"குறைன்னு யார் சொன்னது, சார்?"

"யாரும் சொல்லலை. நல்லா இருக்குன்னும் யாரும் சொல்லலை."

"நல்லாத்தான் இருக்கு."

"அதை ஒரு மாதிரியா சொல்றீங்களே."

அவர் வட்டத்தை ஊதினார். தூசு பறந்தது.

ராணுவம் கழித்துக்கட்டிய ஜீப்புகளையும் லாரிகளையும் மோட்டார் சைக்கிள்களையும் வாங்கிச் சீராக்கி வைக்கும் தனியார் மியூசியம் அது. ராணிப்பேட்டையைத் தாண்டி, நெடுஞ்சாலை ஓரத்தில், மூடிப்போன ஒரு தோல் கிடங்கில் இருந்தது. அதன் பட்டறைக்கு மெஹருன்னிஸா தலைவி. வயது நாற்பத்திரண்டு. அவரிடம் கற்றுக்கொள்ள வந்த தனசிங்குக்கு ஐம்பத்தெட்டு. குரு சீடனை சார் என்றும், சீடன் குருவை மேடம் என்றும் கூப்பிடுவது அங்கே யாருக்கும் விநோதமாகப் படவில்லை. தனசிங்குக்கு மட்டும் முதல் வாரம் கொஞ்சம் உறுத்தியது.

அவர் லேசுப்பட்ட ஆள் அல்ல. சென்னையில் பணக்காரர்களின் பழைய கார்களைப் புதுப்பித்துக் கொடுத்தே பேர் வாங்கியவர். அவர் கைபட்ட கார்கள் அணிவகுப்புகளில் கோப்பை வாங்கின. கோப்பை முதலாளியின் கைக்குப் போகும். தனசிங் கூட்டத்தின் கடைசியில் நின்று, கண்ணாடியாக மின்னும் பானெட்டைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்வார்.

ஒரு முறை இந்த மியூசியத்துக்கு ஒரு ஜீப்பைப் புதுப்பித்து அனுப்பினார். அது திரும்பி வந்தது. ஜீப்பை ஓட்டி வந்த டிரைவர் மெஹருன்னிஸா சொன்னதை அப்படியே சொன்னார்:

"ஜீப் அழகா இருக்காம். அவங்க கேட்டது பழைய ஜீப்பாம்."

தனசிங்குக்கு அது முள்ளாகத் தைத்தது. சில நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் பெட்டியோடு வந்து நின்றார்.

"என்ன வேணும், சார்?"

"கத்துக்கணும்."

"எதை?"

"அந்த ஜீப்பை ஏன் திருப்பி அனுப்பினீங்கன்னு."

மெஹருன்னிஸா ஒரு பழந்துணியை எடுத்துக் கொடுத்தார்.

"துடைங்க."

அன்றிலிருந்து துடைத்துக்கொண்டிருந்தார்.

பட்டறையில் எழுதி ஒட்டாத சட்டம் ஒன்று இருந்தது. ஒரு வண்டியில் எதை அடைப்பதானாலும், எதை மூடுவதானாலும், எதைச் சுரண்டுவதானாலும் முதலில் மெஹருன்னிஸாவைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும். அவர் பார்ப்பார். படம் எடுப்பார். சில சமயம் "விட்டுடுங்க" என்பார். சில சமயம் ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார்.

மியூசியம் திறக்கும் நாள் நெருங்கியபோது அவர் புனேவுக்குப் போக வேண்டி வந்தது. தனசிங்கிடம் ஒரு மோட்டார் சைக்கிளை ஒப்படைத்துவிட்டுப் போனார். ராணுவக் கிடங்கிலிருந்து ஏலத்தில் வந்த புல்லட். எழுபத்தொன்றாம் வருஷத்துச் சண்டையில் தகவல் கொண்டுபோகும் சிப்பாய்கள் ஓட்டியது. மேலெல்லாம் தார் போலக் கறுத்த அழுக்கு.

"துடைச்சு வைங்க, சார். அது போதும்."

தனசிங் துடைத்தார். அழுக்கு கழன்றது. பெட்ரோல் டேங்க்கின் இடது பக்கம், கொஞ்சம் கீழே, ஒரு ஓட்டை இருந்தது. சுண்டுவிரல் நுழையும் அளவு. விளிம்பு உள்பக்கமாக மடங்கிக் கிடந்தது. ஓட்டைக்குள் ஏதோ மஞ்சளாக, மெழுகு போல, கெட்டியாக அடைந்திருந்தது.

அவருடைய பழைய தொழிலில் ஓட்டை என்றால் மானக்கேடு. ஒரு கீறல் தெரிந்தாலே முதலாளி முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஓட்டையைக் கண்டதும் தனசிங்கின் கை அவரைக் கேட்காமலே ஸ்க்ரூடிரைவரை எடுத்தது.

மஞ்சள் கட்டியைச் சுரண்டிப் போட்டார். டேங்க்கைக் கவிழ்த்துக் கழுவினார். துருவும் மண்ணும் ஒரு சின்ன உலோகத் துண்டும் கொட்டின. எல்லாம் குப்பைத் தொட்டிக்குப் போயின. மடங்கிய விளிம்பை அரத்தால் ராவி வட்டமாக்கினார். ஈயத்தை உருக்கி நிரப்பினார். தேய்த்தார். சுற்றியிருந்த பெயின்ட்டின் நிறத்தைக் கலந்து எடுத்தார். பளபளப்பாக அல்ல; அது கூடாது என்று கற்றுக்கொண்டிருந்தார். மங்கலாக, கொஞ்சம் வெயில் பட்ட மாதிரி, கொஞ்சம் எண்ணெய் ஊறிய மாதிரி.

இந்த முறை மேடம் வாய் திறந்துதான் ஆக வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

புனேவிலிருந்து வந்த மெஹருன்னிஸா டேங்க்கின் மேல் கையை ஓட்டினார்.

"இங்க என்ன இருந்துச்சு, சார்?"

"ஒரு ஓட்டை."

"எங்க?"

தனசிங்குக்குச் சிரிப்பு முட்டியது. "நீங்களே கண்டுபிடிங்க, மேடம்."

"நீங்க கண்டுபிடிங்க."

தனசிங் குனிந்தார். விரலால் தடவினார். நகத்தால் வருடினார். டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்த்தார். இந்தப் பக்கம்தான் எங்கேயோ. அவர் அடைத்த ஓட்டை அவருக்கே அகப்படவில்லை.

நிமிர்ந்தபோது மெஹருன்னிஸா அங்கே இல்லை.

அன்று மனைவிக்குப் போன் செய்தார். "மேடத்தாலயே கண்டுபிடிக்க முடியலை, தெரியுமா?"

"நீங்களாவது கண்டுபிடிச்சீங்களா?" என்று கேட்டார் மனைவி.

"அதெல்லாம் உனக்குப் புரியாது," என்று போனை வைத்தார்.

மியூசியம் திறந்தது. பத்திரிகைகளில் படம் வந்தது. ஒரு படத்தில் அந்த மோட்டார் சைக்கிளின் நம்பர் தெளிவாகத் தெரிந்தது.

அடுத்த வாரம் ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். எல்லோரும் எழுபதைக் கடந்தவர்கள். நரைத்த மீசையை முறுக்கிவிட்டிருந்தார்கள். குடியாத்தத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர். வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போன ஊர். அவர்களுக்கு முன்னால் இடது காலைச் சாய்த்துச் சாய்த்து ஒருவர் வந்தார். பேர் முனிரத்தினம். துவைத்துத் தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கல்யாணத்துக்கு வந்தவர் போல இருந்தார்.

வண்டிக்கு முன்னால் நின்றார். நம்பரைப் பார்க்காமலே நம்பரைச் சொன்னார்.

"நம்பர் சரிதான்," என்றார் பின்னாலிருந்தவர். சுபேதாராக ஓய்வு பெற்ற கோதண்டம். அந்தக் கூட்டத்தில் அவர் குரல்தான் பெரிது. "நம்பர நாங்க எங்க இல்லன்னோம்? நீ ஓட்டையக் காட்டு."

தனசிங் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். சட்டையில் மியூசியத்தின் அடையாள அட்டை தொங்கியது.

"இன்னா ஓட்டை?" என்று வேடிக்கை பார்க்க வந்த ஒருவர் கேட்டார்.

"அது பெரிய கதைங்க," என்றார் கோதண்டம். "சண்டைல இவரு கடுதாசி எடுத்துக்கினு போறாரு. எதிரி சுடறான். குண்டு டேங்க்ல பூந்துடுது. வண்டியோட சாயறாரு, காலு ஒடியுது. பெட்ரோலு ஒழுவுது. இவரு இன்னா பண்றாரு? பையிலருந்து சோப்ப எடுக்கறாரு. மென்னு ஓட்டைல அடைக்கறாரு. ஒடிஞ்ச காலோட போய்க் கடுதாசியக் குடுக்கறாரு. பட்டாளத்து ரிக்கார்டுல இன்னா கீது? வண்டிலருந்து வியுந்து கால் முறிவு. அவ்ளோதான். அதான் இவரு எங்க ஊருக்கு சோப்பு மிலிட்டரி."

கூட்டம் சிரித்தது. முனிரத்தினமும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பழகிய முகம் அது.

தனசிங் சிரிக்கவில்லை. மஞ்சளாக, மெழுகு போல. ஸ்க்ரூடிரைவர் நுனியில் அது சுருள் சுருளாக வந்தது அவர் கண்ணுக்குள் நின்றது.

முனிரத்தினம் கையை நீட்டினார். டேங்க்கைப் பார்க்கவில்லை. எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டே கையை மட்டும் அனுப்பினார். அது இடது பக்கம் இறங்கி, ஓர் இடத்தில் போய் நின்றது. அதே இடம். தனசிங் டார்ச் அடித்தும் காணாத இடம்.

விரல் அங்கேயே நின்றது. ஒரு முறை அழுத்தியது. பிறகு சுற்றிலும் தேடியது. மறுபடி அதே இடத்துக்கு வந்தது.

"இன்னா முனிரத்தினம்?" என்றார் கோதண்டம். "ஓட்டையக் காணமா? தானாத் தூந்துக்கிச்சா?"

முனிரத்தினம் தனசிங் பக்கம் திரும்பினார். அட்டையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார்.

"சார், இங்க ஒரு ஓட்டை இருந்துச்சுங்களா?"

எல்லோரும் தனசிங்கைப் பார்த்தார்கள். கோதண்டம் பார்த்தார். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பார்த்தார்கள். ஒருவர் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஸ்க்ரூடிரைவரை எடுத்த கை போலவே வாயும் அவரைக் கேட்கவில்லை.

"இல்லையே, ஐயா. டேங்க் இப்படியேதான் வந்துச்சு."

முனிரத்தினம் தலையை ஆட்டினார்.

"அப்ப வேற வண்டியா இருக்கும்," என்றார். "நம்பர் எனக்கு மாறிப்போயிருக்கும். வயசாச்சில்ல."

டேங்க்கிலிருந்து கையை எடுத்தார். எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பையைத் தடவினார். வேனுக்குத் திரும்பும்போது கோதண்டத்தின் குரல் வாசல்வரை கேட்டது. "இதுக்கா இவ்ளோ தூரம் இட்டாந்த? சோப்பு வாங்கறதுன்னா நம்மூர்லயே கெடைக்குமே!"

தனசிங் சாப்பிடப் போகவில்லை. குப்பைத் தொட்டியைப் போய்க் குடைந்தார். டேங்க்கிலிருந்து கொட்டியதை எப்போதோ காயலான் கடைக்காரர் அள்ளிக்கொண்டு போயிருந்தார். தொட்டியில் அன்றைய வாழைப்பழத் தோல் கிடந்தது.

மூன்றாம் நாள் தனசிங் போனபோது மெஹருன்னிஸா அந்த லாரிக் கதவின் முன்னால்தான் இருந்தார்.

"மேடம், நான் பொய் சொல்லிட்டேன்."

"கேட்டுச்சு."

"நீங்க அங்கதான் இருந்தீங்களா?"

"உங்களுக்குப் பின்னாடி."

"அப்ப ஏன் நீங்க ஒண்ணும் சொல்லலை?"

"அவர் உங்களைத்தானே கேட்டார், சார்."

தனசிங் தரையைப் பார்த்தார். தரையில் எண்ணெய்க் கறை இருந்தது. அதைச் செருப்பால் தேய்த்தார்.

"நான் சரி பண்ணிடறேன், மேடம். திரும்ப ஓட்டை போட்டுடறேன். குண்டு பாஞ்ச மாதிரியே. விளிம்பை உள்ள மடக்கி, துரு ஏத்தி, உள்ள சோப்பும் வெச்சு. யாராலயும் கண்டுபிடிக்க முடியாது."

"கண்டுபிடிக்க முடியாதுதான்," என்றார் மெஹருன்னிஸா. "உங்களால செய்ய முடியும்னு எனக்குத் தெரியும்."

"அப்ப செய்யட்டுமா?"

அவர் எழுந்து போய் டேங்க்கைக் கழற்றிக் கொண்டுவந்தார். பெட்ரோல் ஆவி தீப்பிடிக்காமலிருக்கத் தண்ணீர் நிரப்பி மேசைமேல் சாய்த்து வைத்தார். கேஸ் டார்ச்சைப் பற்றவைத்து தனசிங்கிடம் நீட்டினார்.

"உங்க ஈயத்தை மட்டும் எடுங்க."

முனிரத்தினத்தின் விரல் நின்ற இடத்தில் தனசிங் நெருப்பைக் காட்டினார். பெயின்ட் கொப்பளித்தது. ஈயம் கண் திறந்து, உருண்டு, சொட்டியது. பின்னாலேயே தண்ணீர் பீறிட்டது.

"என்ன தெரியுது, சார்?"

"ஓட்டை."

"யார் போட்டது?"

தனசிங் துடைத்துவிட்டுக் கிட்டத்தில் பார்த்தார். மடிப்பு இல்லை. கிழிசல் இல்லை. அரம் ராவிய விளிம்பு, காசு போல வட்டமாக இருந்தது. எந்த மெக்கானிக்கிடம் காட்டினாலும் டிரில் போட்ட ஓட்டை என்பான்.

விரலை அந்த விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றினார்.

"நான்," என்றார்.

மெஹருன்னிஸா டார்ச்சை வாங்கி அணைத்தார்.

"இதை எடுத்துட்டு அவர் ஊருக்குப் போகட்டுமா, மேடம்? சாட்சிக்கு?"

"இது யார் பக்கம் சாட்சி சொல்லும்?"

தனசிங் டேங்க்கை மேசைமேலேயே வைத்தார்.

"வெறும் கையோட போய் நான் என்னன்னு சொல்றது?"

மெஹருன்னிஸா தன் ஸ்கூட்டர் சாவியை எடுத்து மேசையில் வைத்தார்.

"பெட்ரோல் இருக்கு," என்றார்.

முனிரத்தினத்தின் ஊர் முனையில் ஒரு டீக்கடை. கடைக்கு முன்னால் இரண்டு பெஞ்ச். மீசைக்காரர்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். ஒரு பெஞ்சில் நெருக்கியடித்துக்கொண்டு அத்தனை பேரும், இன்னொரு பெஞ்சின் ஓரத்தில் முனிரத்தினம் மட்டும்.

தனசிங் ஸ்கூட்டரை நிறுத்தினார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள் ஸ்கூட்டரோடு நின்றுபோயின.

"மியூசியம் சார் இல்ல?" என்றார் கோதண்டம். "வாங்க. டீ சாப்புடறீங்களா?"

"அந்த டேங்க்ல ஓட்டை இருந்துச்சு," என்றார் தனசிங்.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"அதை அடைச்சவன் நான்தான். ஈயம் ஊத்தி அடைச்சேன். இவர் சொன்னதெல்லாம் நிஜம்."

கோதண்டம் மீசையைத் தடவினார்.

"அன்னிக்கி உங்களக் கேட்டாரே. இப்பிடியேதான் வந்துச்சின்னீங்களே."

"அன்னிக்குச் சொன்னது பொய்."

"இன்னிக்கிச் சொல்றது?"

"நிஜம்."

"அன்னிக்கி மூஞ்சப் பார்த்துத்தான சொன்னீங்க? இன்னிக்கும் மூஞ்சப் பார்த்துத்தான் சொல்றீங்க. ஒரே மூஞ்சி. நான் எத நம்பறது?"

ஒருவர் களுக்கென்று சிரித்தார்.

"வேலைல ஒரு பெருமை. அதனால அன்னிக்கு வாய் வரலை," என்றார் தனசிங். "என்மேல தப்பு. நீங்க நம்பித்தான் ஆகணும்."

"சரி, அந்த ஓட்டையக் காட்டுங்க. போன்ல படம் கீதா?"

"எடுக்கலை."

"டேங்க்?"

"இருக்கு. ஆனா விளிம்பை நான் ராவிட்டேன். இப்பப் பார்த்தா டிரில் போட்ட மாதிரிதான் இருக்கும்."

"ஓகோ."

"உள்ள குண்டுகூட இருந்திருக்கு. குப்பையில போட்டுட்டேன்."

"ஓகோகோ."

தனசிங்கிடம் கடைசியாக ஒன்று மிச்சமிருந்தது. அதைச் சொன்னால் நம்பிவிடுவார்கள் என்று நினைத்தார்.

"சோப்பும் இருந்துச்சு. நான் பார்த்தேன். மஞ்சளா, கெட்டியா. என் கையாலதான் சுரண்டிப் போட்டேன்."

பெஞ்ச் முழுதும் வெடித்தது. ஒருவருக்குப் புரையேறியது. டீக்கடைக்காரர் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"சோப்பையும் பார்த்துட்டாருபா!" என்றார் கோதண்டம், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இன்னா சோப்பு சார்? துணிக்குப் போடறதா, மூஞ்சிக்குப் போடறதா? அம்பது வருஷம் கழிச்சும் வாசன வந்துச்சா?"

"சத்தியமா சொல்றேன்—"

"டேய் முனிரத்தினம், இந்த ஆளுக்கு இன்னாடா குடுத்த? மிலிட்டரி கேன்டீன் பாட்டிலா? எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே வந்து சாட்சி சொல்லியிருப்பேனே!"

"நான் அவரைப் பார்க்கவே இல்லை. நானாத்தான் வந்தேன்," என்றார் தனசிங். குரல் உயர்ந்துவிட்டது. உயர்ந்த குரல் அவர் காதுக்கே பொய்யாகக் கேட்டது.

"வந்தீங்க, வந்தீங்க," என்றார் கோதண்டம் சமாதானமாக. "ஒக்காருங்க சார். எங்க ஊர்ல சோப்புக்கு ஒரு ஆளுதான் இருந்தாரு. இன்னிலருந்து ரெண்டு."

தனசிங் நின்றார். ஸ்கூட்டரைப் பார்த்தார். சாவி கையில்தான் இருந்தது. சொன்னது அத்தனையும் நிஜம். ஒரு எழுத்துகூடக் கூட்டிச் சொல்லவில்லை. இவர்களில் ஒருவர், யாராவது ஒரே ஒருவர் தலையை ஆட்டினால் போதும் என்றிருந்தது. யாரும் ஆட்டவில்லை. பேச்சு வேறெங்கோ, யாரோ ஒருவருடைய பென்ஷனுக்கும் பேத்தி கல்யாணத்துக்கும் போய்விட்டது.

முனிரத்தினம் சாய்ந்த காலைக் கையால் தூக்கி நகர்த்தி, பெஞ்சில் இடம் விட்டார்.

"ஒக்காருங்க சார்," என்றார். "மொத நாளு அப்பிடித்தான் இருக்கும்."